மரக்காணத்துச் சேற்றில் ஒரு பெயர்ச் சிக்கல்
அம்மோனியா என்னும் ஒருசெல் உயிரியின் வகைப்பாடு பற்றி

விழுப்புரம் மாவட்டத்து வழுதாவூருக்கு உலக நிலவியல் நூல்களில் ஓர் இடம் உண்டு. 1840களின் தொடக்கத்தில், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த சி.டி. கே, புரூக் கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரியைச் சுற்றிலும் விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலும் கல்லாகிப்போன கடலுயிர் ஓடுகளைத் திரட்டி லண்டனுக்குக் கொண்டுசேர்த்தனர். அவற்றை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இல் தம் அறிக்கையை வெளியிட்டார். ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட்டுகளுக்கு இந்திரன், வருணன், பிரம்மன், சூரியன் என்று நம் தெய்வப் பெயர்களையே அவர் வைத்தார். பின்னர் எச்.எஃப். பிளான்ஃபோர்ட் அந்தப் பாறை அடுக்குக்கு வழுதாவூரின் பெயரையே சூட்டினார். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்பதற்கு அந்த அடுக்கு சாட்சி.

அதே மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், திண்டிவனத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், மரக்காணம் இருக்கிறது. உப்பளப் பாத்திகள், கழுவெளி ஏரி, அந்த ஏரியைக் கடலோடு இணைக்கும் இடையன்திட்டு முகத்துவாரம் என்று உப்புநீரும் நன்னீரும் கலக்கும் நிலம் அது. இப்படிப்பட்ட உப்பங்கழிகளின் சேற்றில் இன்றும் ஓர் உயிர் வாழ்கிறது. அதற்கும் சுருண்ட ஓடு. அறை அறையாகப் பகுத்த ஓடு. அம்மோனைட்டைப் பல நூறு மடங்கு சுருக்கியது போன்ற ஓடு. அதன் பேரினப் பெயரும் அம்மோனியா. ரவையில் ஒரு மணி அளவுகூட இல்லாத அந்த ஓட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு செல்.

வழுதாவூரின் அம்மோனைட்டும் உப்பங்கழியின் அம்மோனியாவும் உருவத்தில் உடன்பிறந்தவை போலத் தோன்றும். உறவிலோ, திமிங்கிலத்துக்கும் தென்னைக்கும் உள்ள தூரம். உருவத்தைப் பார்த்து உறவு சொல்வதில் உள்ள இந்த ஆபத்து, அம்மோனியாவின் 260 ஆண்டுக்கும் மேலான பெயர் வரலாறு முழுவதிலும் வருகிறது. முதலில் நத்தை, கணவாய்க் கூட்டத்தைச் சேர்ந்தது என்றார்கள். பிறகு உலகெங்கும் ஒரே இனம் என்றார்கள். இப்போது பல இனங்கள் என்று மரபணு காட்டுகிறது. இந்த வரலாறு தமிழகக் கடற்கரைக்கு ஒரு கடமையை வைத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கரண்டிச் சேறு

முதலில் அந்த உயிரைப் பார்த்துவிடுவோம். நீர் வடிந்த நேரத்தில் கழியோரச் சேற்றின் மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டரை மட்டும் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டும். அதை ஆல்கஹாலில் இட்டு, ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தைக் கலப்பார்கள். எடுத்த வேளையில் உயிரோடு இருந்த செல்லின் புரோட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகும். வெறும் ஓடு வெண்மையாகவே நிற்கும். பிறகு 0.063 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நீர்விட்டுக் கழுவினால் களிமண் கரைந்து போகும். மிஞ்சியதை உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து, மிக மெல்லிய தூரிகையின் நுனியை ஈரமாக்கி ஒவ்வோர் ஓடாக ஒற்றியெடுக்க வேண்டும். ஒரு மாதிரியில் 300 ஓடுகளைப் பொறுக்குவது இத்துறையின் வழக்கம். கண்ணும் கழுத்தும் நோகும் வேலை.

பொறுக்கிய ஓட்டை ஒரு பக்கம் வைத்துப் பார்த்தால் கைமுறுக்கைப் போல இருக்கும். நடுவில் உருண்டையான முதலறை. அதைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டே போகும் அறைகள். இரண்டு மூன்று சுற்று. அந்த உயிர் தன் வாழ்நாளில் கட்டிய அத்தனை அறையும் இந்தப் பக்கத்தில் தெரியும். தூரிகையால் மெல்லப் புரட்டினால் காட்சி மாறிவிடும். மறுபக்கத்தில் கடைசிச் சுற்றின் அறைகள் மட்டும் பூவிதழ்போல் விரிந்திருக்கும். நடுவில் ஒரு குழி. சில ஓடுகளில் அந்தக் குழி வெறுமையாக இருக்கும்; சிலவற்றில் சுண்ணாம்புக் குமிழ் ஒன்று அதை அடைத்திருக்கும்; இன்னும் சிலவற்றில் அறைகளின் இணைப்புக் கோடுகள் நெடுக மணிமணியாகப் புடைத்திருக்கும். ஓட்டுச் சுவர் முழுவதும் நுண்துளைகள். இந்தக் குமிழும் மணியும் துளையும்தான் பின்னால் வரும் வழக்குக்கெல்லாம் சான்றுப் பொருள்கள்.

இந்த ஓட்டைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டைச் சுரக்கும் ஓர் ஒற்றைச் செல். கடைசி அறையின் அடியிலுள்ள வாய் வழியாக அது நூலிழை போன்ற போலிக்கால்களை நீட்டும். அவை ஒன்றோடொன்று பின்னி வலையாகும். அந்த வலையால் அது நகர்கிறது, பாசியையும் பாக்டீரியாவையும் பிடித்து உண்கிறது, அடுத்த அறையையும் கட்டிக்கொள்கிறது. இவ்வகை உயிர்கள் அனைத்துக்கும் பொதுப்பெயர் ஃபோராமினிஃபெரா. கடலடியில் வாழ்பவையும் கடல்நீரில் மிதப்பவையுமாக ஆயிரக்கணக்கான இனங்கள் உள்ளன. ஆல்ஃபிரட் லோப்ளிக், ஹெலன் டாப்பன் என்ற அமெரிக்கத் தம்பதியர் 1987 இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட வகைப்பாட்டு நூல், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பேரினப் பெயர்களை எடுத்து விசாரிக்கிறது. அவற்றில் ஒன்று அம்மோனியா.

நத்தைக் கூட்டத்தில் நூறாண்டு

இத்தாலியின் பொலோனா நகரில் மருத்துவராகவும் வேதியியல் அறிஞராகவும் இருந்தவர் யாக்கோப்போ பெக்காரி. கோதுமை மாவிலிருந்து குளூட்டனைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் அவரே. பரோட்டா மாவு இழுபடுவதற்குக் காரணமான பொருள் அது. 1731 இல் அவர் பொலோனாவுக்கு அருகிலிருந்த ஒரு மணலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அதில் எண்ணற்ற சுருள் ஓடுகள் இருப்பதை எழுதினார். சில ஆண்டுகளில் ரிமினி நகரத்து ஜொவான்னி பியாங்கி, ஏட்ரியாட்டிக் கடற்கரை மணலில் இதேபோன்ற ஓடுகள் குவிந்திருப்பதைப் படத்தோடு வெளியிட்டார். 1758 இல் லின்னேயஸ் தம் ‘சிஸ்டமா நேச்சுரே’ நூலின் பத்தாம் பதிப்பில் அந்த ஓட்டுக்கு நோட்டிலஸ் பெக்காரி என்று பெயர் வைத்தார். பெக்காரியின் நினைவாக இனப்பெயர்; அறைகள் கொண்ட சுருள் ஓடு என்பதால் நோட்டிலஸ் என்ற பேரினம். இப்படியாக ஒருசெல் உயிரி ஒன்று, கணவாயின் உறவான நோட்டிலஸோடு ஒரே வீட்டில் குடியேற்றப்பட்டது.

லின்னேயஸைக் குறை சொல்ல முடியாது. ஓட்டைக் கொண்டு உயிரை வகுப்பது எல்லா மரபுகளிலும் இருந்த வழிதான். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும்போது ஓடுடைய நத்தை இனத்தை ஈரறிவு உயிர் என்று ஒரு கூட்டத்தில் சேர்க்கிறது. கண்ணால் காணக்கூடியதைக் கொண்டுதானே எவரும் தொடங்க முடியும்!

அல்சீத் தோர்பிஞி பிரான்சின் அட்லாண்டிக் கரையோரத்தில் வளர்ந்தவர். தந்தையோடு சேர்ந்து சிறு வயதிலேயே மணலில் நுண்ஓடுகளைத் தேடப் பழகியவர். 1826 இல் அவர் வெளியிட்ட நூல்தான் ‘ஃபோராமினிஃபெரா’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது. நோட்டிலஸின் அறைகளை ஒரு குழாய் இணைக்கிறது. இந்த நுண்ஓடுகளின் அறைகளைத் துளைகள்தாம் இணைக்கின்றன என்று அவர் கண்டார். துளையுடையவை என்பதே அந்தச் சொல்லின் பொருள். வேறுபாட்டை அவ்வளவு நுட்பமாகக் கண்டவரும் அவற்றைத் தலைக்காலிகள் வகுப்புக்குள்தான் வைத்தார். கணவாயும் நோட்டிலஸும் சேர்ந்த வகுப்பு அது. பின்னாளில் இதே தோர்பிஞி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் புதைபடிவங்களையும் தம் நூல்களில் பட்டியலிட்டார். வழுதாவூர் நிலத்தின் உண்மையான தலைக்காலிகளாகிய அம்மோனைட்டுகளும், தலைக்காலி என்று அவர் தவறாகக் கருதிய நுண்ஓடுகளும் ஒரே மனிதரின் மேசைக்கு வந்தன.

1835 இல் ஃபெலிக்ஸ் துஜார்தன் உயிருள்ள ஃபோராமினிஃபெராவைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார். ஓட்டிலிருந்து நீண்டவை கைகளும் அல்ல, கால்களும் அல்ல. உருவம் மாறிக்கொண்டே இருக்கும் குழைவான உயிர்ப்பொருளின் இழைகள். குடலும் கண்ணும் நரம்பும் எங்கும் இல்லை. நத்தைக் கூட்டத்தில் நூறாண்டாக இருந்த உயிர் அன்று வெளியேறியது. உயிரோடு பார்த்த ஒரு பார்வை, செத்த ஓட்டைப் பார்த்த நூறு பார்வையைத் திருத்தியது.

பெயருக்கு வந்த வழக்கு

வகுப்பு மாறினாலும் பேரினப் பெயர் வழக்கு தீரவில்லை. டென்மார்க்கின் விலங்கியலாளர் மார்ட்டன் புருன்னிச் 1772 இல் அம்மோனியா என்ற பேரினப் பெயரை வெளியிட்டிருந்தார். ஆட்டுக்கொம்பு தரித்த எகிப்தியத் தெய்வம் அம்மோனின் பெயரே இதற்கு வேர். அம்மோனைட்டுக்கும் அதுதான் வேர். உரத்தில் நாம் அறிந்த அம்மோனியாவும், அந்தத் தெய்வத்தின் லிபியக் கோவிலை ஒட்டிக் கிடைத்ததாகச் சொல்லப்படும் நவச்சார உப்பின் வழியாக, அதே வேரிலிருந்து வந்தது. புருன்னிச் வைத்த பெயரை ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிட்டனர். லாமார்க் பாரிஸ் படுகையின் புதைபடிவங்களுக்காக 1804 இல் உண்டாக்கிய ரொட்டாலியா என்ற பேரினத்தில் பெக்காரியின் ஓட்டைச் சேர்த்தார்கள். 1817 இல் ஃபிஷர் ஸ்ட்ரெப்ளஸ் என்றார். பழைய கட்டுரைகளைப் புரட்டுகிறவர் ரொட்டாலியா பெக்காரி, ஸ்ட்ரெப்ளஸ் பெக்காரி, அம்மோனியா பெக்காரி என்று மூன்று பெயர்களைக் காண்பார். மூன்றும் ஒன்றே என்று அறியாதவர் மூன்று உயிர்களாக எண்ணிவிடக்கூடும்.

விலங்கியல் பெயரிடலின் விதி எளிமையானது. முறையாக வெளியிடப்பட்ட பெயர்களுள் மூத்ததே செல்லும். அந்த விதியின்படி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மோனியா என்ற பெயர் மீட்கப்பட்டது. ரொட்டாலியா என்ற பெயர் லாமார்க்கின் பழம்படிவங்களோடு நின்றுகொண்டது. இரண்டின் உள்ளமைப்பும் வேறு என்பதை ஓட்டை அறுத்துப் பார்த்தவர்கள் காட்டினர்.

பெயர் மாறினாலும் பொருள் தொடரும் என்பது இந்த வட்டாரத்தாருக்குத் தெரியாததல்ல. நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாட்டின் கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் பலர் அடையாளம் காண்கிறார்கள். பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே மண்ணைச் சுட்டுகின்றன என்று நிறுவ ஆதாரம் வேண்டும். உயிரியிலும் அப்படித்தான். அந்த ஆதாரம் மூல மாதிரி எனப்படும். ஓர் இனத்துக்கு முதலில் பெயர் சூட்டியவர் கையிலிருந்த ஓடு எது, அது எந்த ஊர் மணலில் எடுக்கப்பட்டது என்பதே அந்தப் பெயரின் பட்டா.

ஃபோர்ப்ஸ் வைத்த தெய்வப் பெயர்களுக்கு நேர்ந்ததும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் எல்லாவற்றையும் அம்மோனைட்டிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்தார். பிறகு வந்தவர்கள் அதைப் பலவாகப் பிரித்தார்கள். அவர் இந்திரன் என்றது இன்று சூடோஃபில்லைட்டிஸ் இந்திரா. பிரம்மன் என்றது பிரம்மைட்டிஸ் பிரம்மா. பேரினம் என்பது உறவு பற்றிய நம் கருத்து. கருத்து திருந்தும்போது அது மாறும். இனப்பெயர் மூல மாதிரியைப் பற்றிக்கொண்டு நிலைக்கும்.

ஒரு தாயின் பிள்ளைகள்

அம்மோனியாவில் உண்மையான சிக்கல் பேரினத்துக்குள்ளே இருக்கிறது. அதில் எத்தனை இனங்கள்?

தோர்பிஞி 1839 இல் கியூபா மணலிலிருந்து பார்க்கின்சோனியானா என்ற இனத்தை விவரித்தார். குஷ்மன் 1926 இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்திலிருந்து டெபிடா என்ற வகையை விவரித்தார். நடுக்குழியில் குமிழ் இருந்தால் பார்க்கின்சோனியானா. குழி வெறுமையாக இருந்து அறைகள் பிதுங்கியிருந்தால் டெபிடா. பெரிய ஓடாக, இருபுறமும் மணியும் வெடிப்பும் நிறைந்திருந்தால் பெக்காரி. உலகெங்கும் ஆய்வாளர்கள் தங்கள் கடற்கரை ஓடுகளை இந்த மூன்று பெட்டிகளுக்குள்தான் போட்டுவந்தனர்.

1974 இல் டெட்மார் ஷ்னிட்கர் அந்தப் பெட்டிகளை அசைத்தார். ஆய்வகத்தில் ஒரே தாயின் வழிவந்த அம்மோனியாக்களை வெவ்வேறு சூழல்களில் வளர்த்தபோது, தனித்தனி இனம், தனித்தனி வகை என்று பெயர் பெற்றிருந்த உருவங்கள் அந்த ஒரு குடும்பத்துக்குள்ளேயே தோன்றின. அப்படியானால் குமிழும் வடிவமும் சூழலின் விளைவுதானே? உலகெங்கும் இருப்பது பலமுகம் கொண்ட ஒரே அம்மோனியா பெக்காரிதான் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர். அந்த முடிவு வசதியானதும்கூட. எந்தக் கடற்கரை ஓட்டையும் அந்த ஒரே பெயரில் எழுதிவிடலாம்.

ஃபோராமினிஃபெராவுக்கு இயல்பாகவே இரண்டு தலைமுறைகள் மாறி மாறி வருகின்றன என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். ஒரு தலைமுறை பாலின வழியில் பிறப்பது. அதன் முதலறை மிகச் சிறியது. மற்றது பாலின்றிப் பிறப்பது. அதன் முதலறை பெரியது. ஒரே இனத்தின் இந்த இரு வடிவங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த வழக்கு 19ஆம் நூற்றாண்டில் நிறையவே உண்டு. ஆகவே உருவ வேறுபாடு கண்டவுடன் புதிய இனம் என்று அறிவிக்கத் தயங்கியது நியாயமான தயக்கமே.

மரபணு வந்த பிறகு வழக்கு திரும்பியது. யான் பாவ்லோவ்ஸ்கியும் உடனுழைத்தோரும் 1995 இல், ‘அம்மோனியா பெக்காரி’ எனப்பட்ட உருவ வகைகளின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, இது ஓர் இனமா பலவா என்று கேட்டனர். பல என்றே விடை வந்தது. மரியா ஹோல்ஸ்மன் அந்தத் தேடலை ரைபோசோம் மரபணு வழியாக விரிவாக்கினார். 2004 இல் நியூசிலாந்தின் புரூஸ் ஹேவர்டும் ஹோல்ஸ்மன் முதலானோரும் வெளியிட்ட ஆய்வு இதில் திருப்புமுனை. மரபணு வரிசை கண்டறிந்த அதே ஓடுகளில் 37 புறப்பண்புகளை அளந்து பார்த்தார்கள். 13 மரபணு வகைகள் தெளிவாகப் பிரிந்தன. மரபணு பிரித்துக் காட்டிய பிறகு உருவத்திலும் வேறுபாடு தெரிந்தது. உலகிலேயே மிக அதிகமாகத் தவறாக அடையாளம் காணப்பட்ட ஃபோராமினிஃபெரா இதுதான் என்ற கருத்தை அவர்கள் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்தார்கள்.

ஷ்னிட்கர் தவறு செய்யவில்லை. ஓர் இனத்துக்குள் உருவம் மாறும் என்று அவர் காட்டியது உண்மை. உருவம் மாறுவதால் இனங்களே இல்லை என்று பிறர் அதை நீட்டியதுதான் பிழை. ஒரு தாயின் பிள்ளைகள் வேறுவேறு முகத்தோடு பிறக்கலாம். அதனால் ஊரில் இருப்பது ஒரே குடும்பம் என்று ஆகிவிடாது.

2021 இல் இதே குழுவினர், இந்தியரான துஷார் கௌஷிக்கையும் சேர்த்துக்கொண்டு, ‘மைக்ரோபேலியன்டாலஜி’ இதழில் 200 பக்கம் தாண்டிய ஒரு பெருங்கட்டுரையை வெளியிட்டனர். உலகெங்கும் வாழும் அம்மோனியாவையும் அதன் நெருங்கிய உறவுகளையும் மரபணு, உருவம், புவிப்பரவல் ஆகிய மூன்றாலும் வகுத்த நூல் என்றே அதைச் சொல்லலாம். பெரும்பாலான இனங்கள் தத்தம் கடற்பகுதிகளுக்கு உரியவை என்பது அதில் வலுவாகத் தெரிகிறது. ரிமினியின் பெக்காரி உலகெங்கும் உலவும் இனமல்ல.

நம் கடற்கரையின் நிலை

தமிழகத்தில் ஃபோராமினிஃபெரா ஆய்வுக்கு நல்ல மரபு உண்டு. 1943 இல் சி.பி. ஞானமுத்து, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் கிடைக்கும் ஃபோராமினிஃபெராவைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக ஒரு நூல் தந்தார். சென்னைப் பல்கலைக்கழக நிலவியல் துறையும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையமும் பல பத்தாண்டுகளாக இத்துறையில் ஆட்களை உருவாக்கியுள்ளன. வழுதாவூர் நிலத்தின் வயதைத் திருத்தமாகச் சொன்னதிலும் இந்த நுண்ஓடுகளுக்குப் பங்குண்டு. என். ராஜகோபாலன் 1965 இல் புதுச்சேரிப் பகுதியின் கிரெட்டேசியஸ், தொடக்க டெர்ஷியரி அடுக்குகளைப் பற்றி இந்திய நிலவியல் கழக இதழில் எழுதினார். பி.கே. சமந்தா 1967 இல் அங்குள்ள டிஸ்கோசைக்ளினா என்ற நுண்படிவப் பேரினத்தை விவரித்தார். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, மேலே வந்த மண் எந்தக் காலத்தது என்று சொன்னவையும் இந்த ஓடுகளே.

பழவேற்காடு, அடையாறு, வெள்ளாறு என்று நம் கழிமுகங்களைப் பற்றிய ஆய்வுப் பட்டியல்களில் அம்மோனியா தவறாமல் வருகிறது. அதன் பெயர்களும் தவறாமல் வருகின்றன: பெக்காரி, டெபிடா, பார்க்கின்சோனியானா. அதாவது இத்தாலியின் ஒரு கடற்கரை, போர்ட்டோ ரிக்கோவின் ஒரு துறைமுகம், கியூபாவின் மணல். நம் சேற்றில் பிறந்து வளர்ந்த உயிர், மூன்று தொலைதூர ஊர்களின் பட்டாவில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெயரை எழுதியவர்கள் அன்று கையிலிருந்த நூல்களை நேர்மையாகப் பின்பற்றினர். இன்றைக்கு அறிவு வளர்ந்துவிட்டது. அந்தப் பெயர்களை இனியும் சரிபார்க்காமல் படியெடுப்பதற்கு நியாயம் இல்லை.

பெயர் பிழைத்தால் என்ன போகும்?

ரவை மணியிலும் சிறிய உயிருக்கு எந்தப் பெயர் இருந்தால் என்ன என்று கேட்கலாம். விடை, அந்தப் பெயரை நம்பி நாம் எடுக்கும் முடிவுகளில் இருக்கிறது.

முதலாவது நீரின் நலம். ஆக்சிஜன் குறைந்த சேற்றைத் தாங்கும் திறன் அம்மோனியாவுக்கு அதிகம். எல்ஃபிடியம் என்ற பேரினத்துக்குக் குறைவு. லூசியானா கடற்பகுதியை ஆராய்ந்த பருண் சென் குப்தா, டர்னர், ரபலாய்ஸ் ஆகியோர் 1996 இல் இந்த இரண்டின் விகிதத்தைக் கொண்டு, கடலடியில் ஆக்சிஜன் குறைந்துவந்த வரலாற்றைப் படிக்கலாம் என்று காட்டினர். ஆனால் அம்மோனியாவின் இனங்கள் எல்லாமே ஒரே அளவுக்குத் தாங்குபவை என்று எப்படிச் சொல்வது? இரண்டு இனங்களை ஒரே பெயரில் எண்ணினால், மாசு கூடியதா, இனம் மாறியதா என்பது தெரியாமலே போகும். உப்பளமும் இறால் பண்ணையும் அருகருகே உள்ள மரக்காணம் போன்ற இடத்தில் இது இன்னும் முக்கியம். ஓடு கோணலாக வளர்வது கன உலோக மாசின் அடையாளம் என்பார்கள். உப்பு மிகுந்தாலும் ஓடு கோணும்.

இரண்டாவது வந்தேறிகள். ஐரோப்பியக் கரைகளில் ஒரே ‘டெபிடா’ என்று எண்ணப்பட்டது மூன்று இனங்கள் என்று மரபணு காட்டியது. இன்று அவற்றின் பெயர் அம்மோனியா வெனெட்டா, அபெர்டோவியென்சிஸ், கன்ஃபெர்டிடெஸ்டா. மூன்றாவது கிழக்காசியாவிலும் வாழ்வது. அங்கிருந்து அண்மைக் காலத்தில் ஐரோப்பாவுக்குப் பரவியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இம்மூன்றையும் மரபணு இல்லாமலே பிரிக்க ஜூலியன் ரிஷிர் முதலானோர் 2019 இல் ஒரு வழி சொன்னார்கள். ஓட்டுச் சுவரின் துளை எவ்வளவு பெரியது, இணைப்புக் கோடு எப்படி அமைந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்தால் போதும். சுவரின் துளைகளை அளந்தால் வந்தேறியைக் கண்டுபிடிக்கலாம். சென்னைக்கும் எண்ணூருக்கும் உலகக் கப்பல்கள் வந்துபோகின்றன. நம் கழிகளில் இருப்பவை மண்ணின் இனங்களா, கப்பல் நீரில் வந்தவையா என்று அறிய முதலில் மண்ணின் இனம் எது என்ற பதிவு வேண்டும்.

மூன்றாவது பழங்காலம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் விட்டுச்சென்ற மணலை ஆராய்ந்தவர்கள் அதிலிருந்த ஃபோராமினிஃபெராவைப் பார்த்தே எது கடலடியிலிருந்து வந்தது என்று கணித்தார்கள். கடல் மட்டம் உயர்ந்த காலத்தையும் தாழ்ந்த காலத்தையும் துளையிட்டு எடுத்த மண்ணில் படிப்பதும் இப்படியே. கழுவெளி எப்போது கடலோடு திறந்திருந்தது, எப்போது அடைபட்டது என்ற கேள்விக்கும் அதன் அடிமண்ணில் கிடக்கும் ஓடுகள் பதில் சொல்லக்கூடும். இன்று எந்த இனம் எந்த உப்பில் வாழ்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் அன்றைய நீரின் உப்பைச் சொல்ல முடியும்.

செய்ய வேண்டியவை

கழுவெளியின் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு 2021 இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. பறவைகளை ஆண்டுதோறும் எண்ணுகிறோம். அந்தப் பறவைகள் இரை தேடும் சேற்றின் உயிர்களுக்கும் பதிவு இருக்க வேண்டும்.

அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. முதல் வேலை, பழைய பட்டியலைப் படியெடுக்காமல் ஓட்டின் இருபக்கத்தையும் பக்கவாட்டையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து வெளியிடுவது. இரண்டாவது, அந்தப் படத்துக்குரிய ஓட்டின் மரபணு வரிசையை அதனோடு சேர்ப்பது. படமும் மரபணுவும் ஒரே ஓட்டிலிருந்து வந்தால்தான் சான்று நிற்கும். மூன்றாவது, ஆய்வு முடிந்ததும் மாதிரிகளை ஆய்வாளரின் மேசை இழுப்பறையில் விடாமல், எண்ணிட்டு ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைப்பது. நான்காவது, ஐயம் இருக்கும்போது அம்மோனியா என்ற பேரினத்தோடு நிறுத்திக்கொள்வது. தெரியாத இனத்துக்குத் தெரிந்த பெயரை எழுதுவதைவிட அது மேலான அறிவியல்.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் படிக்கும் மாணவர்களுக்கு இந்தக் கழி பேருந்து தூரத்தில் இருக்கிறது. ரிமினிக்கு ஒரு பியாங்கி கிடைத்தார், கியூபாவின் மணலுக்கு ஒரு தோர்பிஞி கிடைத்தார். மரக்காணத்துச் சேற்றின் உயிருக்கு அதன் சொந்தப் பெயரைத் தேடித் தர வேண்டியவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள். ஒரு கரண்டி, ஒரு சல்லடை, ஒரு தூரிகை, நிறையப் பொறுமை. அவற்றோடு அடுத்த முறை நீர் வடியும் வேளையில் கழிக்கரைக்கு வாருங்கள்.